வெனிஸ் நகரமும் அதனைக் காணச் செல்வோரும்

உலகத்துப் பெருநகரங்களுட் பல ஆற்றங்கரையினையோ கடற்கரையினையோ அடுத்து நிற்பன. கரையினை விடுத்து நீரின் நடுவே நின்று, ஆயிரம் ஆண்டுகட்கு மேலாகப் புகழொடு விளங்கும் நகரம் யாது என வினவின், இத்தாலி தேசத்தின் வடகீழ்ப் பாகத்திலுள்ள வெனிஸ் என்பதே விடையாகும். அந்நகரைப் படங்களிற் கண்டோர் மிகப் பலர். படம் அதன் அழகினை மட்டும் காட்டும். அந்நகர் எதன்மேல் நிற்கின்றது, அதனுள் மக்கள் எங்ஙனம் நடமாடுகின்றனர், அஃது இக்காலத்து எத்தகைய இடருக்கு உள்ளாகியிருக்கின்றது என்பவற்றைக் காட்டாது. வழிகாட்டி நூல்களோ, இன்னின்னவற்றைப் பார்க்க என ஏவுவனவேயன்றிக் காரணம் கூறுவன அல்ல. ஆகலின், அந்நகருக்கு முதன்முறை செல்வோர் உள்ளத்தில் எழும் வினாக்களுக்கு விடையாகவும், அவர்க்குப் பயன்படும் குறிப்புக்களாகவும் சிலவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைப்போம்.

காயலும் அதன் குடிகளும்

வெனிஸ் நகரம் நிற்குமிடம் கடலுமன்று, நிலமுமன்று. தமிழில் அதனைக் காயல் என்னும் சொல்லால் மிகப் பொருத்தமாகக் குறிக்கலாம். ஆட்ரியாடிக் கடலுக்கும் நிலத்துக்கும் இடையே, மணல் திட்டுக்களால் கடலினின்று பிரிக்கப்பட்டு, ஏறக்குறைய 550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளதாய், ஆழங்குறைந்து கிடக்கின்றது அக்காயல். லீதோ, மலமொக்கோ, கியோஜா என்னும் மூன்று வாயில்களின் வழியாகக் கடல்நீர் நாடோறும் உள்ளே புகுந்து வெளியேறும். இக்காயலின் நடுவேயுள்ள 118 சிறு தீவுகளை நானூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள் பிணைத்து நிற்க, அப்பிணைப்பே நகரமாயிற்று.

இத்தகைய சேற்று நிலத்தை மனிதர் விரும்பித் தேர்ந்தது எதனால்? விரும்பித் தேர்ந்தாரல்லர், அச்சத்தால் தேர்ந்தனர். ரோமப் பேரரசு தளர்ந்தபின் வடக்கிலிருந்து படைகள் பல இத்தாலியினுட் புகுந்தன. 568-ஆம் ஆண்டில் லொம்பார்டியர் என்னும் சாதியார் படையெடுத்தபொழுது, நிலப்பகுதியிலிருந்த குடிகள் பலர் காயல் தீவுகளில் அடைக்கலம் புகுந்தனர். குதிரைமேல் வருவோர்க்கு அவ்விடம் எட்டாது. பெருங்கப்பல்களில் வருவோரும் நீரோட்டத்தின் வழியறியாது சேற்றில் சிக்குவர். பிறர்க்குத் தடையான நீரே இவர்க்கு மதிலாயிற்று. பிற நகரங்கள் கல்லால் கோட்டை கட்டிக்கொள்ள, வெனிஸ் நீரையே கோட்டையாகக் கொண்டமையின், அதன் வீடுகளும் மாளிகைகளும் அரண்போல் இறுகி நில்லாது, சாளரங்கள் நிறைந்து, நீரைநோக்கித் திறந்து நிற்கின்றன. புதிதாகச் செல்வோர் முதற்கண் வியக்கும் அத்தோற்றத்தின் காரணம் இதுவே.

உப்பும் மீனும் விற்று வாழ்ந்த அக்குடிகள் நாளடைவிற் பெருவணிகராயினர். தோஜே என்னும் தலைவரைத் தம்முள் தேர்ந்து குடியரசு நடத்தினர். கீழ்நாட்டு மிளகும் பட்டும் அலெக்சாந்திரியா முதலிய துறைகளினின்று இவர் கப்பல்களில் ஏறியே ஐரோப்பாவிற் பரவின. இவ்வூரினராகிய மார்க்கோ போலோ என்பார் 1271-இல் புறப்பட்டு, சீன தேசத்தில் நெடுங்காலம் இருந்து, 1295-இல் மீண்டார். மீளும்வழியிற் பாண்டி நாட்டுக் கரையினைக் கண்டு, அதன் முத்துக்குளிப்பினையும் குதிரை வாணிகத்தினையும், தாமிரபருணியின் முகத்துவாரத்தை அடுத்த காயல் துறையினையும் தம் நூலில் விரித்துரைத்தனர். ஒரு காயலிற் பிறந்தவர் மற்றொரு காயலைப் பற்றி எழுதிய அவ்வுரை, தமிழ்நாட்டின் பழைய நிலையை அறிய விரும்புவார்க்கு இன்றும் ஓர் ஆதாரமாக உள்ளது.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு சேர்ந்ததும் மிளகு வாணிகத்திற்குப் புதுவழி பிறந்தது. வெனிஸின் செல்வம் உடனே அழிந்திலது. ஆயினும் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. 1797-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி நெப்போலியனுக்கு அஞ்சிக் குடியரசு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. பின்னர் ஆஸ்திரியர் ஆட்சிக்குட்பட்டு, 1866-இல் இத்தாலி இராச்சியத்தோடு சேர்ந்தது.

சேற்றின்மேல் நகரம் நிற்குமாறு

வெனிஸைக் காண்போர் அனைவரும் கேட்கும் வினா ஒன்று உண்டு: இத்துணைப் பாரமான கற்கோயில்கள் சேற்றில் எவ்வாறு அமிழாது நிற்கின்றன? இதற்கு விடை மரமே. கட்டடம் எழுப்புமுன், ஓக்கு, ஆல்டர், லார்ச்சு முதலிய மரங்களின் நீண்ட முளைகளை, மேற்சேற்றைக் கடந்து இறுகிய மண் எட்டுமளவும் நெருக்கமாக அடித்து இறக்குவர். அவற்றின் தலைகளை மட்டமாக்கி, மேலே மரப்பலகை பரப்பி, அதன்மேல் இஸ்திரியா நாட்டு வெண்கல்லை அடுக்குவர். அக்கல் உப்பு நீரை எளிதில் உறிஞ்சாது. அக்கல்லடுக்கின்மேலேயே செங்கற்சுவர் எழும்.

நீரில் கிடக்கும் மரம் மக்கிவிடாதோ எனின், மரத்தை விரைந்து அழிக்கும் உயிர்கள் வாழ்வதற்குக் காற்று வேண்டும். சேற்றினுள் ஆழப்புதைந்த மரத்திற்குக் காற்றுச் செல்லாமையின் அழிவு மிகமிக மெதுவாகவே நிகழும். நீரும் காற்றும் மாறிமாறித் தீண்டுமிடத்தேதான் மரம் விரைவிற் கெடும். அவ்விடத்தில் இவர்கள் கல்லை வைத்தனர். ரியால்தோ பாலத்தினடியில் மட்டும் ஏறக்குறைய 12,000 முளைகள் உள. சலூத்தே என்னும் பெரிய தேவாலயம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முளைகளின்மேல் நிற்பதாகக் கூறுவர். தலைகீழான ஒரு காடு நகரத்தைச் சுமந்து நிற்கின்றது என்பது மிகையன்று.

நாற்புறமும் நீர் சூழ்ந்தும் குடிநீர் அரிதாயிருந்தது அந்நகரத்தின் மற்றொரு விந்தை. ஒவ்வொரு சதுக்கத்தின் அடியிலும் களிமண் பூசிய தொட்டி ஒன்று அமைத்து, அதில் மணல் நிரப்பி, மழைநீரை அம்மணலின் வழி வடியச் செய்து, நடுவேயுள்ள கிணற்றில் எடுத்துக்கொண்டனர். நிலப்பகுதியினின்று குழாய்நீர் 1884-இல் வந்தபின் அக்கிணறுகள் மூடப்பட்டன. எனினும் சித்திரவேலை செய்த அவற்றின் கல்வாய்கள் சதுக்கந்தோறும் இன்றும் காணப்படும். புதிதாகச் செல்வோர் அவற்றை வெறும் அலங்காரமென எண்ணிக் கடந்து போகாது, நின்று காணுதல் நன்று.

நகரினுட் புகுதல்

நிலத்தினின்று வெனிஸுக்குச் செல்லும் இருப்புப்பாதைப் பாலம் 1846-இலும், அதனை அடுத்த வண்டிப்பாலம் 1933-இலும் திறக்கப்பட்டன. விமான நிலையம் மார்க்கோ போலோவின் பெயர் பூண்டு நிலப்பகுதியில் இருக்கின்றது. புகைவண்டியிற் செல்வோர் ஒன்றனை மனத்திற்கொள்ளல் வேண்டும். வெனிஸ் என்னும் பெயருடன் முதன்மையான நிலையங்கள் இரண்டு உள. மெஸ்த்ரே என்னும் அடைமொழியுடையது நிலப்பகுதியிலுள்ளது. சாந்தா லூச்சியா என்னும் அடைமொழியுடையதே தீவில் உள்ளது. முன்னதில் இறங்கிவிட்டால் நகரைக் காண இன்னும் ஒரு வண்டி ஏறவேண்டும்.

மோட்டார் வண்டிகள் யாவும் பாலத்தின் முடிவில் ரோமைச் சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் சக்கரமுடைய ஊர்தி ஒன்றுமில்லை; மிதிவண்டிக்கும் அனுமதியில்லை. நோயாளரைச் சுமப்பதும், தீயணைக்கச் செல்வதும், குப்பை அள்ளுவதும், தபால் கொணர்வதும், இறந்தோரைச் சான் மிக்கேலே என்னும் இடுகாட்டுத் தீவுக்கு எடுத்துச் செல்வதும் படகுகளே. நகரினுள் அடியெடுத்து வைப்போன் செவிக்கு முதலிற் புலப்படுவது ஓர் அமைதி. மோட்டாரின் ஊதொலியும் சக்கரங்களின் இரைச்சலும் இன்றி, மனிதர் பேச்சும், காலடி ஓசையும், கரையில் மோதும் நீரின் ஒலியும், கோயில் மணியும் தனித்தனியே கேட்கும். பிற நகரங்களில் நாம் இழந்தது யாது என்பதை இவ்வமைதியே உணர்த்தும்.

இவ்வமைதிக்கு விலையும் உண்டு. கையிற் கொண்டுவரும் மூட்டைகளையெல்லாம் படிகளோடு கூடிய பாலங்களின்மேல் தாமே தூக்கிச் செல்லல் வேண்டும். ஆதலின் சுமை குறைத்துச் செல்வதும், தங்கும் விடுதி எப்படகுத் துறைக்கு அண்மையது என முன்னரே கேட்டறிந்துகொள்வதும் அறிவுடைமை. முதியோரும் கால்வலியுடையோரும் இடையிற் பாலங்கள் குறைந்த இடத்தைத் தேர்தல் நலம்.

நீர்வீதியும் நிலவீதியும்

நகரினை இரு கூறாக்கிப் பெருங்கால்வாய் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரம் பாம்புபோல் வளைந்து செல்கின்றது. அதனைக் கடக்கப் பாலங்கள் நான்கே உள. அவற்றுள் 1588 முதல் 1591 வரை கல்லால் கட்டப்பட்ட ரியால்தோ பாலமே மூத்தது. 2008-இல் திறக்கப்பட்டது இளையது. கால்வாயின் இருமருங்கும் வணிகப் பெருங்குடியினரின் மாளிகைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் தலைவாயில் நீரை நோக்கியது. வீதியை நோக்கியது பின்வாயில். ஆகலின் கால்வாயிற் சென்றாலன்றி வெனிஸின் முகத்தைக் காணல் இயலாது.

இதற்குக் கொண்டோலா ஏறவேண்டும் என்பது இல்லை. வாப்பொரெத்தோ எனப்படும் பொதுப்படகுகள் உள. அவற்றுள் 1-ஆம் எண்ணுடையது பெருங்கால்வாயின் துறைதோறும் நின்று செல்லும். ரோமைச் சதுக்கத்தினின்று மாற்குவின் சதுக்கம் சேர முக்கால் மணி நேரம் ஆகும். காலையிலோ மாலைப்பொழுதிலோ அப்படகின் புறத்தே ஓரிடம் பெற்று அமர்வோர், மிகுந்த பொருட்செலவு செய்தோர் காண்பதனைத்தையும் காண்பர். ஒருமுறைச் சீட்டு 75 நிமிடம் வரை செல்லும். பல நாள் தங்குவோர் நாட்கணக்கில் விற்கும் சீட்டு வாங்குதல் இலாபம். ஏறுமுன் சீட்டினை அங்குள்ள பொறியிற் காட்டிப் பதிவு செய்தல் வேண்டும். பதியாத சீட்டு வாங்காத சீட்டாகவே கருதப்படும்.

கொண்டோலா என்பது ஏறக்குறைய 11 மீட்டர் நீளமுள்ள கரிய படகு. ஒருவனே பின்புறம் நின்று வலப்பக்கத்தில் ஒரு துடுப்பினால் தள்ளுவான். அங்ஙனம் தள்ளின் படகு இடப்பக்கம் வளைந்தோடுமன்றோ? அதனைத் தடுக்க, படகின் இடப்பாதியை வலப்பாதியினும் அகலமாகவே கட்டுகின்றனர். இச்சிறு நுட்பம் தச்சரின் அறிவுக்குச் சான்று. அதில் உலாவுதற்கு நகரசபை விதித்த கட்டணம் பகலில் அரைமணிக்கு 90 யூரோவாக 2023-இல் உயர்த்தப்பட்டது. அத்துணைச் செலவழிக்க இயலாதார், பாலமில்லாத இடங்களில் பெருங்கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் த்ராகெத்தோ என்னும் தோணியில் ஏறலாம். அதுவும் கொண்டோலாவே, கட்டணமோ சில யூரோக்களே. உள்ளூர் மக்கள் சந்தைக்குச் செல்வது அதிலேதான்.

இனி நிலவீதிகள். நகரம் ஆறு பிரிவாக வகுக்கப்பட்டுள்ளது; ஆறிலொரு பாகம் என்னும் பொருள்பட ஸெஸ்தியேரே என அவற்றை அழைப்பர். வீட்டெண்கள் வீதிதோறும் ஒன்றெனத் தொடங்காது, பிரிவு முழுவதற்கும் ஒரே தொடராக ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. ஆதலின் எண்ணை மட்டும் கொண்டு வீட்டைக் கண்டுபிடிப்பது அரிது. அருகிலுள்ள கோயிலின் பெயரையோ பாலத்தின் பெயரையோ கேட்டுக்கொள்ளல் வேண்டும். காலே என்பது சந்து. காம்போ என்பது கோயில்முன் உள்ள வெளி. ரியோ என்பது சிறு கால்வாய். ஃபொந்தமென்தா என்பது கால்வாய்க் கரையிலுள்ள நடைபாதை. இந்நான்கு சொற்களையும் அறிந்தோன் பாதி வழியறிந்தோனாவான். மீதிப் பாதிக்குச் சுவர்களில் மஞ்சள் நிறத்தில் எழுதிய கைகாட்டிகள் உள. அவை ரியால்தோ, சான் மார்க்கோ, புகைவண்டி நிலையம் முதலிய இடங்களுக்கு வழி காட்டும்.

வழி தவறுதல் எல்லார்க்கும் நேரும், அதற்கு அஞ்சற்க. தீவு சிறிது; எத்திசை நடப்பினும் ஒருமணிக்குள் நீர்க்கரை ஒன்றினை அடைவோம். திசை தவறிப் புகுந்த சந்துகளிலேதான் சாளரத்திற்குச் சாளரம் கயிறு கட்டித் துணி உலர்த்துவதும், சிறுவர் பந்தாடுவதும், முதியோர் கிணற்றுவாயில் சாய்ந்து உரையாடுவதுமான உண்மை வெனிஸைக் காணலாம்.

காணத்தக்கன சில

மாற்குவின் சதுக்கம் நகரின் நெற்றித்திலகம். பியாஸா என்னும் பெயர் அவ்வொரு வெளிக்கே உரியது. அதன் கீழ்ப்புறம் மாற்கு சுவிசேஷகரின் பேராலயம் ஐந்து விமானங்களுடன் விளங்குகின்றது. அவருடைய உடலை வெனிஸ் வணிகர் 828-இல் அலெக்சாந்திரியாவினின்று கொணர்ந்தனர் என்பது மரபு. இப்பொழுதுள்ள ஆலயம் 1063-இல் தொடங்கப்பட்டது. உட்புறம் முழுதும் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளாற் பதித்த சித்திரங்கள், ஒளி படுந்தோறும் நிறம் மாறித் தோன்றும். வாயிலின்மேல் நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகளின் வரலாறு நினைவிற்கொள்ளத் தக்கது. 1204-இல் சிலுவைப்படையினர் கான்ஸ்தாந்திநோபிளைக் கொள்ளையிட்டபொழுது கவர்ந்தவை அவை. 1797-இல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோயினான்; 1815-இல் திரும்பின. கவர்ந்தோரிடமிருந்து கவர்ந்தோரைக் காலம் மறக்கவில்லை. இன்று வெளியே நிற்பவை படிகள். மூலங்கள் உள்ளே காக்கப்படுகின்றன.

ஆலயத்தெதிரே 98 மீட்டருக்கு மேல் உயர்ந்த மணிக்கூண்டு ஒன்றுண்டு. அது 1902-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி காலையில் இடிந்து விழுந்தது. மனிதர் எவரும் மாண்டிலர். இருந்த இடத்தில் இருந்தபடியே கட்டுவோம் என நகரத்தார் உறுதிபூண்டு 1912-இல் எழுப்பி முடித்தனர். அருகே தோஜேயின் அரண்மனை. அதன் பெருமன்றத்தில் திந்தொரெத்தோ தீட்டிய பரலோகச் சித்திரம் ஏறக்குறைய 22 மீட்டர் அகலமுள்ளது. சித்திரக்கலையில் நாட்டமுடையார் சான் ரோக்கோ மண்டபத்தில் அவரே வரைந்தவற்றையும், ஃபிராரி ஆலயத்தில் தித்ஸியானோவின் பெரும்படத்தையும் காண்பாராக.

கல்லூரி மாணவர் மறவாது நினைக்க வேண்டியவர் ஆல்தோ மனூத்ஸியோ என்னும் அச்சுத்தொழிலாளர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகரில் அச்சுக்கூடம் அமைத்து, கிரேக்க நூல்களை ஏட்டுச் சுவடிகளினின்று அச்சேற்றிக் காத்தவர் அவர். கையிலடங்கும் சிறு வடிவில் நூல்கள் வெளியிட்டதும், 1501-இல் சாய்ந்த எழுத்தினை வழங்கியதும் அவரே. நாம் பையில் எடுத்துச்செல்லும் புத்தகத்திற்கு வெனிஸ் ஒருவகையில் தாய்நகரமாம்.

புகழோடு பழியும் காணத்தக்கதே. வடபாகத்தில் கெத்தோ என்னும் சிறு தீவு இருக்கின்றது. 1516-இல் யூதர் யாவரும் அங்கேயே வாழ வேண்டும் எனக் குடியரசு ஆணையிட்டு, இரவில் வாயில்களைப் பூட்டியது. இடம் போதாமையின் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. அவ்வுயர்ந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. பிற்காலத்தில் உலகெங்கும் ஒடுக்கப்பட்டோர் சேரிகளுக்கு வழங்கிய அப்பெயர் இங்குப் பிறந்ததே. நீரைக் கோட்டையாகக் கொண்டு விடுதலை பெற்றோரே அந்நீரைச் சிறையாகப் பிறர்க்கு ஆக்கினர் என்பது சிந்திக்கற்பாலது.

ஒருநாள் மிகுதியாயிருப்பின் வடகாயலின் தீவுகளுக்குச் செல்லலாம். மூரானோவில் கண்ணாடித் தொழில் நடைபெறுகின்றது. தீ விபத்துக்கு அஞ்சி 1291-இல் உலைகளை அங்கு மாற்றினர். பூரானோ பின்னல்வேலைக்கும் பலநிற வீடுகளுக்கும் பேர்பெற்றது. தொர்செல்லோவில் 639-இல் நிறுவிய ஆலயம் உண்டு. ஒருகாலத்து மக்கள் நிறைந்திருந்த அத்தீவில் இப்பொழுது மிகச் சிலரே வாழ்கின்றனர்.

நீரால் வந்த இடர்

ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களிற் செல்வோர், நீர்ப்பெருக்கினை அறிந்திருத்தல் வேண்டும். கடலேற்றத்தோடு தென்கீழ்த் திசையினின்று வீசும் காற்றும் சேருமாயின் காயல் நீர் உயர்ந்து வீதிகளிற் பரவும். முன்னறிவிப்பாகச் சங்கொலி எழுப்புவர். நடப்பதற்கு மேடைப்பலகைகள் இடுவர். முழங்கால் வரை எட்டும் ரப்பர்ச் செருப்பு அப்பொழுது பயன்படும். 1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி நீர் வழக்கமான அளவின்மேல் 194 சென்டிமீட்டரும், 2019-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி 187 சென்டிமீட்டரும் உயர்ந்தன.

இவ்விடர் மிகுந்ததற்குக் காரணம் இரண்டு. கடல் மட்டம் உயர்ந்து வருவது ஒன்று. நிலப்பகுதித் தொழிற்சாலைகளுக்காக நிலத்தடி நீரை இறைத்தமையால் தரை தாழ்ந்தது மற்றொன்று. இறைத்தலை நிறுத்தியபின் அத்தாழ்வு தணிந்ததேனும், தாழ்ந்த தரை மீண்டும் எழவில்லை. பழைய குடியரசினரோ காயலைத் தம் கண்போற் காத்தனர். வண்டலால் அது தூர்ந்துவிடும் என அஞ்சி, பிரெந்தா, பியாவே முதலிய ஆறுகளைப் பெருமுயற்சியால் வேறு வழியிற் கடலுக்குத் திருப்பினர்.

இக்காலத்தார் செய்த காப்பு மோஸே என்னும் வேலி. கடல் பிளந்து வழிவிட்ட வரலாற்றிற்குரிய மோசேயை நினைவூட்டும் பெயரது. மூன்று வாயில்களிலும் 78 எஃகுக் கதவுகள் நீர் நிறைந்து கடலடியில் கிடக்கும். பெருக்கு வருமென அறிந்தால் காற்றை உட்செலுத்தி நீரை வெளியேற்றுவர். கதவுகள் மிதந்தெழுந்து கடலை மறிக்கும். 2003-இல் தொடங்கிய இவ்வேலை, கையூட்டுக் குற்றங்களால் 2014-இல் பலர் சிறைப்படவும், செலவு பெருகவும், காலம் நீண்டு, 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி முதன்முதலாக நகரைக் காத்தது. அதன்பின் பெருவெள்ளம் நகரினுட் புகாது பலமுறை தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் கடல் மேன்மேலும் உயருமாயின் கதவுகளை அடிக்கடி மூடவேண்டும். மூடினால் கப்பல்கள் தடைப்படும். காயல் நீர் புதுநீர் பெறாது கெடும். ஆதலின் இது நெடுங்காலத்திற்குரிய மருந்தாகுமா என்பது அறிஞர் வாதத்திற்குரியதாகவே இருக்கின்றது.

மக்களால் வந்த இடர்

நீரினும் பெரியதோர் இடர் மக்கள் வழியாய் வந்தது. 1951-இல் பழைய நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்குக் கீழ் இறங்கிற்று. ரியால்தோவின் அருகே ஒரு மருந்துக்கடையின் சாளரத்தில், நகரின் குடித்தொகையைக் காட்டும் பலகை ஒன்று 2008 முதல் வைக்கப்பட்டது. எண் குறைந்துகொண்டே வருவதை மக்கள் நின்று காண்கின்றனர். மறுபுறம், ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் வந்து செல்வதாகக் கணக்கிடுகின்றனர். அவருட் பலர் காலையில் வந்து மாலையில் போவோர்.

இவ்விரண்டும் தொடர்புடையன. வந்து செல்வோரிடம் பெறும் வாடகை மிகுதி ஆகையால், வீட்டுடையார் குடிகளுக்கு விடாது விருந்தினர்க்கு விடுகின்றனர். காய்கறிக்கடை இருந்த இடத்தில் முகமூடிக்கடை தோன்றுகின்றது. ரொட்டி வாங்கவும் தொலைவு செல்லவேண்டிய குடியானவன் நிலப்பகுதிக்குப் பெயர்ந்துவிடுகின்றான். குடிகளில்லாத நகரம் எத்துணை அழகுடையதாயினும் காட்சிச்சாலையே ஆகும்.

ஆட்சியாளர் சில விதிகள் வகுத்தனர். மாபெருங் கப்பல்கள் நகரின் நடுவே புகுதல் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து தடுக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஏப்பிரல் 25-ஆம் தேதி முதல், நெருக்கம் மிகுந்த நாட்களில் பகற்பொழுதிற்கு மட்டும் வருவோர் 5 யூரோ கட்டணம் செலுத்துமாறு விதித்தனர். 2025-இல் அந்நாட்கள் 54 ஆக உயர்ந்தன. முன்னதாகப் பதியாதவர்க்குக் கட்டணம் 10 யூரோ. இரவு தங்குவோர்க்கு இக்கட்டணம் இல்லை. எனினும் விலக்குப் பெற்றமையைப் பதிந்துகொள்ளல் வேண்டும். நாட்களும் தொகையும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆதலின் புறப்படுமுன் விசாரித்தறிக.

விருந்தினர் கடமை

தமிழில் விருந்து என்னும் சொல் முதற்கண் புதுமையைக் குறித்து, பின்னர்ப் புதிதாக வருவோரைக் குறிப்பதாயிற்று. விருந்தோம்புவார்க்குரிய கடமையைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகக் கூறினர். வருகின்ற விருந்தினர்க்கும் கடமை உண்டு என்பதை வெனிஸ் நகரம் நமக்குக் கற்பிக்கின்றது. அக்கடமைகளாவன:

ஒருநாளிற் பார்த்து ஓடாது, இயன்றால் இரண்டு மூன்று இரவேனும் தங்குக. பகல்விருந்தினர் சென்றபின் மாலையிலும், அவர் வருமுன் விடியலிலும் நகரம் தன் இயல்பான முகத்தைக் காட்டும்.

சந்துகளில் வலப்பக்கமாக ஒதுங்கி நடக்க. பாலத்தின் உச்சியில் நின்று வழியை அடைத்தல் ஆகாது. நமக்கு அது காட்சி, பின்னால் வருவோர்க்கு அது தொழிலுக்குச் செல்லும் வழி.

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்துச் செல்க. ஆராதனை நடக்குங்கால் சுற்றிப் பார்த்தலைத் தவிர்க்க.

மாற்குவின் சதுக்கத்தில் புறாக்களுக்கு இரை இடுதலும், படிகளில் அமர்ந்து உண்ணுதலும், கால்வாயில் நீந்துதலும் தண்டனைக்குரியன. குடிநீர் புட்டிகளை வாங்கிக் குவியாது, சதுக்கங்களிலுள்ள குழாய்களில் நிரப்பிக்கொள்க, அந்நீர் நல்லது.

காப்பி அருந்துவோர் கடையின் மேடையருகே நின்று அருந்தின் விலை குறைவு. அமர்ந்து அருந்தின் மிகுதி. புலால் உண்ணாதார்க்குச் சோளமாக் களியும், பட்டாணி கலந்த அரிசிச்சோறும் கிடைக்கும். ஆயின் அச்சோற்றில் இறைச்சிச் சாறு சேர்த்தல் வழக்கமாதலின் கேட்டறிந்து உண்க.

நினைவுப்பொருள் வாங்குவோர், எங்கோ செய்து கொணர்ந்த மலிவுக் கண்ணாடியைப் பத்து வாங்குவதினும், உலைமுன் நிற்கும் தொழிலாளி செய்த ஒன்றனை வாங்குக. அவ்வொன்று ஒரு குடும்பத்தை அந்நகரில் நிலைபெறச் செய்யும்.

வெனிஸ் நகரம் பெருமலைகளாலோ வளமிக்க வயல்களாலோ உண்டானதன்று. சேறும் உப்புநீரும் தவிர வேறொன்றும் பெறாத ஏழைக் குடிகள் அறிவினாலும் ஒற்றுமையாலும் உண்டாக்கியது. மனிதர் உண்டாக்கிய அது மனிதர் காத்தாலன்றி நில்லாது. சேற்றினுள் மறைந்து நிற்கும் முளைகள் ஒவ்வொன்றும் தன் பங்குச் சுமையைத் தாங்குதலாலேயே மேலேயுள்ள மாளிகைகள் நிற்கின்றன. அங்குச் செல்லும் ஒவ்வொருவரும் தம் பங்கு அடக்கத்தையும் கவனத்தையும் மேற்கொள்வரேல், அந்நகரின் பாரம் அத்துணையேனும் குறையும். நம் மக்களும் அவர் மக்களும் அதனை மக்கள் வாழும் நகரமாகவே காணும் பேறு பெறுவர்.